அம்மாவுக்குப் பின்பக்கம் திறக்கும் நைட்டி: மூன்றாவதுதான் சரியாக வந்தது

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கை மடங்கியே இருக்கிறது. நாள் முழுக்கச் சக்கர நாற்காலிதான். காலையில் நைட்டி மாற்றுவதற்குள் எனக்கு இடுப்பு வலி, அவருக்குத் தோள் வலி. தலைவழியாகப் போட வேண்டும், கையை இழுக்க வேண்டும், பிறகு தூக்கிப் பிடித்துப் பின்பக்கத்தைக் கீழே இறக்க வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டே நழுவிவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் எச்சரித்திருந்தார். அதனால்தான் மெஷினைத் தூசி தட்டி எடுத்தேன்.

யோசனை இதுதான். முன்பக்கம் சாதாரண நைட்டி. பின்பக்கம் மட்டும் இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் முதுகை முழுசாக மூடும் அகலம். ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எதிர்த் தோளில் போய் மாட்டும். உட்காரும்போது இரண்டையும் விலக்கிவிட்டால் அடியில் துணி சுருண்டு அழுத்தாது. அந்தச் சுருக்கமும் தடித்த தையலும்கூடத் தோலைப் புண்ணாக்கும்.

முதலாவதைப் பழைய வேட்டியில் தைத்துப் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்று படிய நான்கு அங்குலம்தான் விட்டிருந்தேன். அம்மா போட்டவுடன் கேட்ட ஒரே கேள்வி: "முதுகு தெரியுதா கண்ணு?" தெரிந்தது. அதை அப்படியே பிரித்துப் போட்டுவிட்டேன்.

இரண்டாவதுக்கு ஈரோட்டில் வாங்கிய காட்டன் துணி. நனைத்துக் காயவைத்துவிட்டே வெட்டினேன். நின்ற அளவுக்கு வெட்டினால் உட்கார்ந்ததும் கணுக்கால் தெரிகிறது. எனவே அவரை நாற்காலியில் வைத்தே, தோளிலிருந்து முழங்கால்மேல் டேப்பை ஓட்டி அளந்து, முன்பக்கத்தை 3 அங்குலம் கூட்டினேன். பின்துண்டுகளை முழங்காலோடு நிறுத்தினேன், சக்கரத்தில் சிக்கக்கூடாது. கைச்சுற்றையும் நன்றாக இறக்கி வெட்டினேன். தோளில் வெல்க்ரோ. அங்கேதான் தப்பு. சொரசொரப்பான பக்கம் பின்கழுத்து முடியைப் பிடித்தது. துவைக்கும்போது ஒட்டிவிட மறந்த நாளில் கூடப் போட்ட துணிகளின் நூலையெல்லாம் இழுத்து வைத்திருந்தது.

மூன்றாவதில் வெல்க்ரோவுக்குப் பதில் டிச் பட்டன். ஆனால் தோள் எலும்புமேல் வைத்து அழுத்தினால் வலிக்கும். அம்மா அந்த இரண்டாவது நைட்டியை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் தடவித் தடவிப் பார்த்தார். "நானே மாட்டற மாதிரி வெச்சுத் தர்றியா?" என்றார். இத்தனை நாளும் என் வேலையைச் சுலபமாக்கத்தான் தைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் கை என் கணக்கிலேயே இல்லை.

வலது கை எட்டுவது இடது தோளைத்தான். நான் வெளித்துண்டை வலது தோளில் முடித்திருந்தேன். அதைத் திருப்பினேன். உள்துண்டை வலது தோளில் நான் மாட்டிவிடுவேன். வெளித்துண்டு வலமிருந்து சுற்றி வந்து இடது தோளில் முடியும். பட்டன்களைத் தோள்மேட்டிலிருந்து முன்னால் 2 அங்குலம் இறக்கிக் கழுத்துப் பட்டியின் ஓரத்திலேயே வைத்தேன். கழுத்துவழியாகக் கட்டைவிரலை உள்ளே விட்டு, வெளியே ஆள்காட்டி விரலால் அழுத்தினால் போதும், எலும்பில் படாது.

போடும் முறையும் மாறியது. முதலில் வராத கை. இடது கைத்துணியை என் கையில் சுருட்டி மாட்டிக்கொண்டு, முனைவழியாக அவர் கையைக் கைகுலுக்குவதுபோல் பிடித்து, துணியை மட்டும் மேலே ஏற்றுகிறேன். அப்புறம் நல்ல கை. கழட்டும்போது நல்ல கைதான் முதலில்.

நேற்று காலை முதலாவது பட்டன் இரண்டு தடவை நழுவியது. நான் கையை நீட்டினேன், "இரு" என்றார். மூன்றாவது தடவை 'டிச்' என்று கேட்டது. அடுத்ததையும் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கவனிக்காமல், "அடுத்தது ஜாக்கெட் தை. கல்யாணத்துக்கு நைட்டியிலயா வருவேன்?" என்றார்.

கல்யாணம் தை மாதம். ஜாக்கெட்டுக்கு இன்று அளவு எடுத்திருக்கிறேன். முன்பக்கக் கொக்கிக்கு என்ன மாற்று என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.