ஏத்தன் தாரும் என் இடுப்பும்

02.09.2024, திங்கள்
ஓணம் வருதுல்லா, களக்காட்டு ஏத்தன் வாழை, அதான் நேந்திரன், பூரா கேரளா லோடுதான். காலையில அஞ்சரைக்கு கீழ கிடந்த தார எடுக்க குனிஞ்சேன், இடுப்புல சுருக்குன்னு பிடிச்சிட்டு, நிமிரவே முடியல. அப்பா வந்து கைத்தாங்கலா வரப்புல உக்கார வச்சாவ. பதினஞ்சு கிலோதான் இருக்கும் அந்த தார்.

04.09.2024, புதன்
பாளையங்கோட்டையில பிசியோதெரபி பாக்குத அக்காகிட்ட போனேன், தாள்ல படம் போட்டே காட்டினாவ. முதுகெலும்பு கட்டைகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குததுதான் டிஸ்க்கு; முதுகுத் தசைக்கும் டிஸ்க்கோட நடுவுக்கும் சுமார் 5 சென்டிமீட்டர்தான் தூரம், தார் அரை மீட்டர் தள்ளி இருந்தா பத்து மடங்கு, அப்போ 15 கிலோவுக்கு தசை 150 கிலோ இழுவை இழுக்கணும், குனிஞ்சிருக்க நம்ம மேலுடம்பு கனம் அதுக்கு மேல. அம்புட்டையும் தாங்குதது அந்த டிஸ்க்குதான். கடப்பாரையில கல்லுப் பக்கமா பிடிச்சு நெம்பினா எம்புட்டு கஷ்டம், அதே கணக்குதான்.

1999ல ஜெர்மனியில வில்கேன்னு ஒருத்தரோட குழு, ஒரு ஆளோட இடுப்பு டிஸ்க்குக்குள்ளயே சென்சார் வச்சு அழுத்தத்த அளந்திருக்காவ. சும்மா நின்னா 0.5 மெகாபாஸ்கல், 20 கிலோவ முதுகு வளைச்சு தூக்கினா 2.3, முட்டி மடக்கி தூக்கினா 1.7, உடம்போட அணைச்சு பிடிச்சு நின்னா 1.1. எனக்கு அந்த கடைசி நம்பர்தான் மனசுல நிக்கி.

06.09.2024, வெள்ளி
வலி கொஞ்சம் பரவால்ல. ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க்கு தண்ணிய உறிஞ்சி உப்பிக்கிடுமாம், எந்திரிச்ச உடனே குனிஞ்சா அதிக அழுத்தம். நான் எந்திரிச்சு நேரா தோட்டத்துக்குல்லா போனேன்.

09.09.2024, திங்கள்
முட்டிய மடக்கி தூக்கிப் பாத்தேன். தார் பெருசு, ரெண்டு முட்டிக்கும் நடுவுல வராது, முட்டிக்கு அந்தால தள்ளி நிக்குது, அப்போ தூரம் கூடிப்போகுது, முட்டி மடக்கியும் பிரயோஜனம் இல்ல. எல்லாரும் முட்டிய மடக்கு மடக்குன்னு மட்டும் சொல்லுதது போதாதுன்னு அப்பதான் புரிஞ்சுது. அப்பா காலத்து ஆளுக ஒருத்தர் வெட்ட இன்னொருத்தர் சும்மாடு வச்ச தோள்ல வாங்கிக்கிடுவாவ, தார் தரையத் தொடவே தொடாது, கனமும் உடம்ப ஒட்டியே வரும். நாங்கதான் ஆள் பத்தலன்னு கீழ போட ஆரம்பிச்சோம்.

நாளைக்கு பக்கத்து வயக்கார அண்ணன் கூட வாராவ. வெட்டு ஏழு மணிக்கு மேலதான்னு வியாபாரிகிட்ட சொல்லியாச்சு, அப்பாவ தூக்க விடப்போறதில்ல.