பெல் கீழே, வாய் மேலே

ஜூன் 11

பெட்டியைத் திறக்கவில்லை.

ஜூன் 13

முகத்தின் இடது பக்கம் செயலிழந்து கிடக்கிறது, கண் மூடாது. ராத்திரி இடது கண்ணில் ஒட்டிய டேப், காலையில் இமை மயிரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்தது. வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து பனியன் நனைகிறது. காபிக்கு ஸ்ட்ரா, அதுவும் வலது ஓரத்தில். பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் பேசும்போது ‘ப’வும் ‘ம’வும் காற்றாகப் போகின்றன. அவர் புரிந்த மாதிரி தலையாட்டினார். நல்ல மனிதர்.

நான் தூங்கியபோது மனைவி என் டிரம்பெட் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருக்கிறாள். கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். இழுத்து வெளியே எடுத்தேன்.

ஜூன் 14

வெளியே எடுத்தாயிற்று, எங்கே வைப்பது? காலையிலிருந்து இதே யோசனை.

மேஜையில் பெல்லை, அதாவது டிரம்பெட்டின் விரிந்த முனையை, கவிழ்த்து அப்படியே நிறுத்தலாம். மேடையில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், எனக்குப் பார்க்கவே பதறும். அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை, அதைத் தாங்குவது 12 சென்டிமீட்டர் வட்டம். யாராவது முழங்கையால் உரசினால் போதும். விழுந்தால் பெல் விளிம்பு மடங்கும். ஒடுக்கு எடுத்துவிடலாம், ஆனால் எடுத்த இடத்தில் வெளிச்சம் பட்டால் தழும்பு தெரியும்.

நாற்காலியில் படுக்க வைக்கலாம். அதற்கும் முறை உண்டு, இரண்டாம் வால்வின் ஸ்லைடு மேலே பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் முழு எடையும் அந்தக் குட்டிக் குழாயில் இறங்கும். அது அழுந்தினால் வால்வுக் கூடு நசுங்கும், கூடு நசுங்கினால் விரலால் அழுத்தும் பிஸ்டன் சிக்கும். பிஸ்டனுக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு தலைமுடி நுழையக்கூட இடம் கிடையாது. தவிர, இந்த வீட்டில் காலியாக இருக்கும் நாற்காலியில் யாராவது உட்காராமல் இருந்ததில்லை.

பழைய ஸ்டாண்டு ஒன்று இருந்தது. மூன்று கால், நடுவில் பிளாஸ்டிக் கூம்பு. கோவில்பட்டியில் ஒரு வரவேற்பு நிகழ்ச்சி, பலகை மேடை. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஏறி ஆட ஆரம்பித்ததும் பலகை எம்பி எம்பி இறங்கியது. நான் ஃப்ளூகல்ஹார்ன் ஊதிக்கொண்டிருந்தேன், டிரம்பெட்டுக்கு அகலமான பெல் வைத்த அண்ணன் மாதிரி. டிரம்பெட் சாய்வதை ஓரக்கண்ணால் பார்க்கிறேன், என் கை இரண்டும் வேலையாக இருக்கின்றன. சரணம் முடியும்வரை ஊதி முடித்துவிட்டுத்தான் குனிந்தேன்.

அந்த ஸ்டாண்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 17

மகனிடம் கேட்டேன், ஸ்டாண்டுக்கு எத்தனை கால் இருந்தால் நல்லது என்று. பன்னிரண்டாம் வகுப்பு. மனப்பாடக் கேள்வியாக இல்லாததால் உற்சாகமாகிவிட்டான்.

டிரம்பெட்டை விரலில் கிடத்தி எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று பார்த்தான். வால்வுகள் இருக்கும் பகுதி. ஸ்டாண்டில் நின்றால் அது தரையிலிருந்து ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயரம் வரும். ஒவ்வொரு காலும் நடுவிலிருந்து 14 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டான். ஸ்டாண்டு காலின் மேல் சாயாது, இரண்டு கால்களுக்கு நடுவில்தான் சாயும் என்றான். நடுவிலிருந்து அந்த இடைவெளிக் கோடு எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. மூன்று கால் என்றால் பாதி, வெறும் 7 சென்டிமீட்டர். நான்கு கால் என்றால் 10-க்குச் சற்றுக் குறைவு. ஐந்து கால் என்றால் 11.3. அதாவது மூன்று கால் சுமார் 16 பாகை சாய்ந்ததும் விழுந்துவிடும், நான்கு 22 வரை தாங்கும், ஐந்து 24 வரை.

“மூணுல இருந்து நாலுக்குப் போறதுதான்ப்பா பெரிய லாபம். அஞ்சாவது கால் சும்மா ஆறுதலுக்கு.”

அப்புறம் ஏன் மூன்று கால் செய்கிறார்கள்? தரை மேடும் பள்ளமுமாக இருந்தாலும் மூன்று காலும் எப்படியாவது தரையைத் தொட்டுவிடும், ஆடாது. நான்கும் ஐந்தும் சமதரை கேட்கும். ஆடாமல் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்கு நானும் நம்பி வைத்திருந்தேன். ஆடாமல் நிற்கிற சாமான்தான் திடீரென்று விழும்.

இன்னொன்றும் சொன்னான். உதடு வைத்து ஊதும் மவுத்பீஸைக் கழற்றி வைத்தால் உயரமும் குறையும், பாரமும் கீழே இறங்கும். அது அவன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்டாண்டில் இருக்கும் டிரம்பெட்டை யாரும் பெல்லில் தட்டுவதில்லை, நீட்டிக்கொண்டிருக்கும் மவுத்பீஸில்தான் சட்டைக் கை மாட்டும்.

ஜூன் 18

கண்ணாடி முன்னால் கன்னத்தை உப்பச் சொல்கிறார் பிசியோ. வலது உப்புகிறது. இடதில் புஸ்ஸென்று போகிறது.

ஜூன் 21

அம்மா வந்தாள். காத்து அடிச்சிருச்சு என்கிறாள். பைக்கில் கடற்கரைச் சாலையில் போனதுதான் காரணமாம். இந்த மாதம் தூத்துக்குடியில் காற்றுப் படாமல் யார் இருக்கிறார்கள்? ஊரில் எல்லாருக்குமா வாய் போயிற்று? கத்தினேன். கத்தினாலும் அரை வாயில்தான் வருகிறது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

சாயங்காலம் மாடியில் துணி காயப்போடும் கம்பியே வளைந்தது. இந்தக் காற்றில் திறந்தவெளி மேடையில் பாட்டு நோட்டு ஸ்டாண்டு தாள்களோடு பறக்கும். டிரம்பெட் ஸ்டாண்டைக் காற்று அவ்வளவாக ஒன்றும் செய்யாது, குழாய்க்கு இடையே புகுந்து போய்விடும். நோட்டு ஸ்டாண்டு வந்து மேலே விழாத தூரத்தில் வைத்தால் சரி.

ஜூன் 24

ராத்திரி முழுக்க போனில் ஸ்டாண்டு படங்கள். ஒரு கண்ணால் பார்ப்பதால் எல்லாம் தட்டையாகத் தெரிகின்றன.

ஒரு வகை, கால்களை மடித்துக் கூம்புக்குள் சொருகி, அந்தக் கூம்பையே பெல்லுக்குள் விட்டுப் பெட்டியை மூடிவிடலாம். கையோடு வரும், மறந்துபோகாது. ஆனால் உறையில் போடாமல் பெல்லுக்குள் விட்டால் வண்டி குலுங்கக் குலுங்க உள்ளே கோடு விழும். அப்புறம் இவ்வளவு சிறிதாக மடிவது எடையும் குறைவாகத்தான் இருக்கும்.

இன்னொரு வகை மடியாத இரும்புக் கால், கனம், தனிப் பை வேண்டும். மூன்றாவது, ஒரே அடிப்பாகத்தில் இரண்டு கூம்பு, டிரம்பெட்டுக்கு ஒன்று, ஃப்ளூகலுக்கு ஒன்று. ஃப்ளூகலின் பெல் அகலம் என்பதால் அதன் கூம்பும் பருமன். டிரம்பெட் கூம்பில் ஃப்ளூகலை மாட்டினால் குடுகுடுவென்று ஆடும்.

ஹெர்குலிஸ் கம்பெனி ஸ்டாண்டு பார்த்தேன். கோனிக் அண்ட் மேயர் பார்த்தேன். ஜெர்மனியில் வெர்ட்ஹைம் என்ற ஊரில் 1949-இல் தொடங்கிய கம்பெனி, ஸ்டாண்டு செய்வதே அவர்களுக்குப் பிரதான தொழில். விலையைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டேன். ஒரு கல்யாணத்துக்கு எனக்குக் கிடைக்கிற கூலி. இப்போது அந்தக் கூலியும் இல்லை.

மறுபடி போனை எடுத்தேன்.

ஜூன் 27

ரப்பர்! இதை எப்படி யோசிக்காமல் இருந்தேன்.

என்னுடையது வெள்ளி முலாம். ரப்பரில் கந்தகம் இருக்கிறது, வெள்ளியில் கந்தகம் பட்டால் கறுக்கும். கூம்பில் ரப்பர் வளையம் இருந்தால் பெல்லின் உட்புறத்தில் கறுப்பு மோதிரம் போட்டுவிடும். ஒரு மணி நேரக் கச்சேரிக்குப் பரவாயில்லை. நாள்கணக்கில் ஊதாமல் சும்மா நிற்கிற டிரம்பெட்டுக்கு?

ஃபெல்ட் துணி ஒட்டிய கூம்புதான் வேண்டும்.

இதில் உப்புக் காற்று வேறு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு, ஜன்னல் கொக்கியெல்லாம் துருப்பிடித்திருக்கிறது. பேசாமல் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பதுதான் டிரம்பெட்டுக்கு நல்லது என்று யாரும் சொல்வார்கள். தெரியும். வெளியேதான் இருக்கும். ராத்திரி மட்டும் பழைய வேட்டியால் மூடுகிறேன்.

ஜூலை 1

முதல் வால்வு ஒட்டிக்கொண்டது. எண்ணெய் விட்டு அழுத்தினேன், மெல்ல இறங்கி மெல்ல ஏறியது. ஊதாமல், சி சுரத்திலிருந்து மேலே ஏறுகிற மாதிரி விரலை மட்டும் ஓட்டினேன். எதுவும் அழுத்தாமல், ஒன்றும் மூன்றும், ஒன்றும் இரண்டும், ஒன்று, மறுபடி எதுவும் அழுத்தாமல். ஸ்பிரிங் சத்தமும் அடியில் துணி வட்டம் தட்டுகிற சத்தமும்தான். மகன் பக்கத்து அறையிலிருந்து, “ஜி வரைக்கும் வந்துட்டீங்க” என்றான்.

ஜூலை 5

ஊத முடியாத நேரத்தில் ஸ்டாண்டு எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவள் அண்ணன் கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாயில் இருந்த சோறு வெளியே வராமல் பதில் சொல்ல முடியாது என்பதால் பிழைத்தார்.

ஜூலை 9

வந்துவிட்டது. ஐந்து கால், மடியும் வகை, கூம்பில் ஃபெல்ட். அவள்தான் பணம் கட்டியிருக்கிறாள், எந்தச் சீட்டுப் பணம் என்று கேட்கவில்லை.

கால்களை விரித்துக் கூடத்தில் வைத்தேன். நான்கு தரையில், ஒன்று அந்தரத்தில். மொசைக் தரையின் லட்சணம். கொஞ்சம் திருப்பி வைத்ததும் ஐந்தும் உட்கார்ந்தன. டிரம்பெட்டை இறக்கினேன். கூம்பு பெல்லின் வளைவில் போய் உட்கார வேண்டும், விளிம்பு எதையும் தொடக் கூடாது. இது சரியாக உட்கார்ந்தது, தளர்ச்சி இல்லை. விரலால் மேலே தள்ளிப் பார்த்தேன், சாய்ந்து திரும்ப வந்தது. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன், அசையவில்லை. ஒரு பக்கக் கால்களுக்கு அடியில் புத்தகம் வைத்தேன், பிறகு இரண்டு. மகன் பாகைமானியோடு வந்தான். “இருபதைத் தாண்ட வேண்டாம்ப்பா.”

இருபதோடு நிறுத்தினோம். கையை அடியில் வைத்துக்கொண்டுதான்.

ஜூலை 12

இடது புருவம். ஒரு நூல் அளவு. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன், “ஆமா” என்றாள். சொல்ல வேண்டுமே என்று சொல்லியிருக்கலாம்.

ஜூலை 15

புருவந்தான், சந்தேகமே இல்லை.

இன்றைக்கு மச்சினர் பேரன் கூடத்தில் ஓடினான். கால் பட்டு ஸ்டாண்டு சாயவில்லை, வழுக்கிக்கொண்டு சுவர்வரை போனது. டிரம்பெட்டோடு. சுவரில் முட்டாமல் நான் பிடித்தேன். சாய்வதற்கு மட்டும் கணக்குப் போட்டோம், சறுக்குவதற்குப் போடவில்லை. மடித்துப் பெட்டியில் வைக்க எடை குறைவு வேண்டும், வீட்டில் நிற்க எடை கூடுதல் வேண்டும். இரண்டும் ஒரே ஸ்டாண்டில் கிடைக்காது. இது மேடைக்கு. வீட்டுக்கு வேறு.

ஜூலை 17

பழைய இரும்புக் கடையில் காரின் பிரேக் டிஸ்க் ஒன்று. 24 சென்டிமீட்டர் வட்டம், எடைபோட்டால் ஐந்து கிலோ. நடுவில் ஓட்டை தயாராக இருக்கிறது. இரும்பு விலைக்கே கொடுத்தார். மகன் கணக்குப் போட்டுவிட்டு விசில் அடித்தான் (அவனால் முடிகிறது). பாரம் முழுக்கத் தரையோடு ஒட்டி இருப்பதால் 60 பாகை சாய்த்தாலும் திரும்ப நிமிருமாம். அதற்கு முன்னாலேயே டிரம்பெட் கூம்பிலிருந்து கழன்று விழுந்துவிடும், அது வேறு விஷயம்.

ஜூலை 20

கடைசல் பட்டறை. பெல்லின் உள்வளைவுக்கு அட்டையை வெட்டிக் கொண்டுபோயிருந்தேன். பட்டறைக்காரர் அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். “கோயில் பேண்டுல வாசிக்கிறவங்கதான?” ஆமாம் என்றேன். வேப்பங்கட்டையை மாட்டினார். உளி பட்டதும் சுருள் சுருளாக உதிர்ந்தது, கசப்பு வாசனை. நான் சொன்னதைவிட ஒரு சுற்று மெலிதாகக் கடைந்தார். துணி ஒட்டினால் பருத்துவிடும் அல்லவா, அதற்கு இடம் விட்டிருக்கிறார். நான் சொல்லவில்லை.

கீழே பெரிய போல்ட். டிஸ்குக்கு அடியில் பழைய கம்பளித் துண்டு, தரை கீறாமல் இருக்க. துரு ஏறாமல் இருக்கக் கறுப்புப் பெயின்ட் இரண்டு கை.

அவள் பார்த்துவிட்டு, “இதைத் தூக்கிட்டுப் பெருக்கணுமா?” என்றாள்.

ஜூலை 26

கொடியேற்றம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூட்டத்தில் பின்னால் நின்றேன். பனிமய மாதா கோயில் வாசலில் நம் ஆட்கள். என் இடத்தில் சின்னப் பையன், நன்றாகத்தான் ஊதினான். மேல் சுரத்துக்குப் போகும்போது கழுத்து புடைக்கிறது, யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஜூலை 29

மவுத்பீஸை மட்டும் எடுத்தேன். கேட்டால் பிசியோ திட்டுவார். உதட்டை வைத்து மெல்ல ஊதினேன். இடது ஓரத்தில் காற்று கசிந்தது. கசிவுக்கு நடுவில் ஒரு முறை உதடு துடித்து ஒலி வந்தது, கொசு மாதிரி. மறுபடி முயன்றேன், வரவில்லை. மவுத்பீஸைக் கழுவி வைத்துவிட்டேன்.

ஜூலை 30

வந்தது.

ஆகஸ்ட் 2

பேண்டு மாஸ்டர் போன் செய்தார். ஐந்தாம் தேதி பவனிக்கு மூன்றாம் டிரம்பெட்டுக்கு ஆள் இல்லையாம். எனக்குத் தெரிந்து இரண்டு பேர் சும்மா இருக்கிறார்கள், அவருக்கும் தெரியும். கீழ்ச்சுரம்தான், முடிகிற இடத்தில் ஊது, முடியாத இடத்தில் சும்மா பிடித்துக்கொண்டு நட என்றார். சும்மா பிடித்துக்கொண்டு நடப்பதா, பார்க்கலாம் என்று கோபமாகச் சொல்லிவிட்டேன். வைத்தபிறகுதான் கவனித்தேன், ‘ப’ சரியாக விழுந்திருந்தது.

ஆகஸ்ட் 4

வாங்கியது ஒன்று, செய்தது ஒன்று, நாளைக்கு இரண்டுக்குமே வேலை இல்லை. பவனியில் நடந்துகொண்டே ஊத வேண்டும், நிற்கிற இடத்தில் அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கீழ் சி சுத்தமாக வருகிறது. ஜிக்கு மேலே போனால் இடது ஓரம் அவிழ்கிறது. மூன்றாம் நோட்டில் ஜியைத் தாண்டுகிற இடங்களைப் பென்சிலால் சுழித்து வைத்தேன்.

வெள்ளைப் பேன்ட் இடுப்பில் ஏறவில்லை, எல்லாம் மாத்திரை ஏற்றிய சதை. தையல் கடையை எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள், போய்விட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.