குரோதி வருடமும் ஃபான்லிங் தெய்வங்களும்

குரோதி வருடம் 1964-இல் வந்தது. 2024-இல் மறுபடியும் வந்தது. என் கணவர் முதல் குரோதியின் ஆவணியில் பிறந்தவர். இரண்டாவது குரோதியின் ஆவணியில் திருக்கடையூரில் எங்களுக்கு மணிவிழா நடந்தது. மார்க்கண்டேயனைக் காத்த காலசம்ஹாரமூர்த்தியிடம் ஆயுளும், அபிராமியிடம் பிள்ளைகளின் நலமும் கேட்டுவிட்டு, மகனைப் பார்க்க ஹாங்காங் புறப்பட்டோம். அங்கே அதே அறுபது வருடக் கணக்கு எங்களுக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தது.

மகன் குடியிருப்பது ஃபான்லிங். ஹாங்காங் என்றால் துறைமுகமும் வானளாவிய கட்டடங்களும்தான் நம் நினைவுக்கு வரும். ஃபான்லிங் ஹாங்காங் தீவிலிருந்து விலகி, பெருநிலப் பகுதியில், எல்லையோரச் சீன நகரமான ஷென்ஜெனுக்கு அருகில் இருக்கிறது. 1898-இல் பிரிட்டிஷ் அரசு 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துக்கொண்ட 'நியூ டெரிட்டரீஸ்' பகுதியைச் சேர்ந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே இங்கே ஐந்து பெருங்குலங்கள் வாழ்ந்து வருகின்றன: தாங், ஹாவ், பாங், லியூ, மான். 1910-இல் இரயில் வந்தது. 1970-களில் அரசு புதுநகரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. வயல்கள் இருந்த இடத்தில் அடுக்கு மாடிகள் எழுந்தன. ஆனால் குலத்தாரின் ஊர்கள் அப்படியே நடுவில் நிற்கின்றன. மகன் வீட்டுச் சன்னலில் நின்றால் ஒரு பக்கம் கோபுரக் குடியிருப்புகள், மறுபக்கம் மலையடிவாரத்தில் ஓட்டுக் கூரைகள். அந்தக் கூரைகளில் எது வீடு, எது கோயில் என்று முதல் நாளிலிருந்தே அவனைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாங்கள் தரிசனத்துக்குக் கிளம்பிய நாள் அக்டோபர் 11. நமக்கு சரஸ்வதி பூஜை. காலையிலேயே பேத்தியின் புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் வைத்து, சுண்டல் நிவேதனம் செய்து முடித்தேன். சீனர்களுக்கு அன்று சுங் யியுங், ஒன்பதாம் மாதத்தின் ஒன்பதாம் நாள், முன்னோரின் சமாதிகளுக்குச் சென்று வணங்கும் திருநாள். ஃபான்லிங்கின் மலைச்சரிவில் வோ ஹோப் ஷெக் என்ற மிகப் பெரிய பொது மயானம் இருப்பதால் இரயில் நிலையமே பூக்களால் நிறைந்திருந்தது. வயதானவர்கள் சாமந்திக் கொத்துகளை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார்கள். இளைஞர்கள் கையில் பழப்பைகளும் ஊதுவத்திக் கட்டுகளும். மகாளய அமாவாசை கழிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பிதுர்களை நினைக்கும் இதே பருவத்தில் இவர்களும் தங்கள் தாத்தா பாட்டியைத் தேடிப் போகிறார்கள் என்பதைப் பார்த்ததும், அந்தக் கூட்டத்தில் நான் அந்நியமாக உணரவில்லை.

நிலையத்துக்கு எதிரிலேயே ஃபுங் யிங் சீன் கூன் இருக்கிறது. தாவோ மதத்தாரின் கோயில். 1929-இல் நிறுவப்பட்டது. படிகள் ஏறும்போதே ஆரஞ்சு நிற ஓடு வேய்ந்த இரட்டைக் கூரை கண்ணில் படுகிறது. மூலக் கோயிலில் தாய்ஷாங் லாவ்சுன், அதாவது தாவோ நெறியின் மூலகுருவாக இருந்து தெய்வமாக உயர்ந்த லாவோட்சு, நடுநாயகமாக வீற்றிருக்கிறார். அவரோடு லூ டோங்பின், சியூ சூஜி என்னும் இரு மகான்களும் எழுந்தருளியிருக்கிறார்கள். கற்பூர ஆரத்தி கிடையாது. மணியடித்து நம்மை அவசரப்படுத்துவாரும் கிடையாது. மூன்று ஊதுவத்திகளைக் கொளுத்தி, நெற்றிக்கு நேரே உயர்த்தி வணங்கி, மணல் நிறைந்த பாத்திரத்தில் நட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். அந்த அமைதியில் என் கணவர் 'கலையாத கல்வியும் குறையாத வயதும்' என்று அபிராமியம்மை பதிகத்தை முணுமுணுக்கத் தொடங்கினார். நானும் சேர்ந்துகொண்டேன்.

எங்களை ஆட்கொண்ட இடம் அதற்கு அடுத்தது. தாய் சுய் என்னும் ஆண்டுத் தெய்வங்களின் மண்டபம் அது. ஒரு வருடத்துக்கு ஒருவர் என அறுபது தெய்வங்கள். ஒவ்வொருவருக்கும் தனி முகம், தனி ஆடை, கையில் தனி அடையாளம். ஒருவர் வாள் ஏந்தியிருந்தால் அடுத்தவர் எழுதுகோல் ஏந்தியிருக்கிறார். சீனர்கள் பத்து வானக் குறிகளையும் பன்னிரண்டு பூமிக் குறிகளையும் சுழலவிட்டு அறுபது வருடச் சுற்றைக் கணக்கிடுகிறார்கள். நாம் பிரபவ முதல் அட்சய வரை எண்ணுகிறோம். வியாழன் பன்னிரண்டு ஆண்டுகளில் வானத்தை ஒருமுறை சுற்றிவருகிறது. ஐந்து சுற்றுக்கு அறுபது. தாய் சுய் வழிபாடும் அந்த வியாழனின் நடையிலிருந்தே பிறந்தது. குரு பகவானைப் பார்த்து இரண்டு நாட்டாரும் தனித்தனியே வாழ்க்கையை அளந்திருக்கிறார்கள்.

மண்டபத்தில் தொண்டு செய்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி என் கணவரின் பிறந்த ஆண்டைக் கேட்டார். மகன் காண்டனீஸில் சொன்னான். அந்த அம்மையாரின் முகம் மலர்ந்துவிட்டது.

"என்னப்பா சொல்கிறார்?" என்றேன்.

"அப்பா மர டிராகன் ஆண்டில் பிறந்தவராம், அம்மா. இந்த ஆண்டும் அதே மர டிராகன் ஆண்டுதான். பிறந்தபோது காத்த தெய்வமே அறுபது வருடம் கழித்து மறுபடியும் காவலுக்கு வந்திருக்கிறதாம். கண்டிப்பாக வணங்கிவிட்டுப் போக வேண்டும் என்கிறார்."

அந்தத் தெய்வத்தின் பெயர் லி செங். அவர் முன்னால் ஊதுவத்திகள் மற்ற எல்லோருக்கும் முன்னால் இருந்ததைவிட அடர்த்தியாகப் புகைந்துகொண்டிருந்தன. ஒருவர் தம் பிறந்த ராசி விலங்கின் ஆண்டில் தாய் சுய்யின் நேர்ப்பார்வையில் நிற்கிறார், அதனால் அந்த ஆண்டில் அவரை வணங்கிச் சாந்தி தேட வேண்டும் என்பது இவர்களின் நம்பிக்கை. நாம் உக்ரரத சாந்தி, சஷ்டியப்த பூர்த்தி என்று செய்வதன் உள்ளமும் இதுதானே? வயதின் சந்திகளில் ஆபத்து உண்டு, அவற்றைத் தெய்வத்தின் கையைப் பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டும். என் கணவர் எளிதில் கண்கலங்குபவர் அல்லர். அன்று லி செங்கின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். அந்த மூதாட்டி ஏதும் வியப்படையாமல் அவர் எழுந்திருக்கத் தோள் கொடுத்தார்.

கோயிலில் சைவ உணவு கிடைக்கும். சாப்பிட்டுவிட்டு, நிலையத்திலிருந்து 54கே சிற்றுந்தில் லுங் யியூக் தாவுக்குப் போனோம். தாங் குலத்தாரின் ஊர்த் தொகுதி அது. ஐந்து மதில் ஊர்களும் ஆறு திறந்த ஊர்களுமாக அமைந்தது. கடற்கொள்ளைக்கும் திருட்டுக்கும் அஞ்சிய காலத்தில் வீடுகளை வரிசையாகக் கட்டிச் சுற்றிலும் மதில் எழுப்பி ஒரே வாயில் வைத்தார்கள். இவற்றுள் முதலில் எழுந்தது லோ வாய். குன் லுங் வாய் 1744-இல் கட்டப்பட்டது. அதன் நான்கு மூலைக் காவல் கோபுரங்களும் இன்றும் நிற்கின்றன. உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன. துணி உலர்கிறது, வாசலில் சைக்கிள் நிற்கிறது. ஆகவே வாயிலோடு நின்று வணங்கிவிட்டுத் திரும்புவதே மரியாதை.

லோ வாய்க்கு அருகில் தின் ஹாவ் கோயில். கடலோடிகளைக் காக்கும் அன்னை. பத்தாம் நூற்றாண்டில் சீனத்தின் ஃபூஜியன் கரையில் பிறந்த ஒரு பெண், இளம் வயதிலேயே மறைந்து தெய்வமானாள் என்பது மரபு. கோயிலுக்குள் இரண்டு பழைய வெண்கல மணிகள் இருக்கின்றன. ஒன்று 1695-இல் வார்த்தது, மற்றது 1700-இல். இந்த அன்னைக்கும் தமிழுக்கும் ஒரு மறைமுக உறவு உண்டு. இதைச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. மிங் பேரரசின் கடற்தளபதி செங் ஹே தம் பயணங்களைக் காத்ததற்காக 1431-இல் ஃபூஜியனில் இந்த அன்னைக்குக் கல்வெட்டு நாட்டினார். அதே செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்த, 1409 எனத் தேதியிட்ட, காலி நகரில் கிடைத்த கல்வெட்டில் சீனத்தோடும் பாரசீகத்தோடும் தமிழும் இருக்கிறது. இலங்கையின் தென்கோடியில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்குச் சீனப் பேரரசர் அளித்த காணிக்கைகளை அந்தத் தமிழ்ப் பகுதி வரிசைப்படுத்துகிறது. தின் ஹாவைத் தொழுத கைகள் தமிழில் பெயர் பொறித்த அந்தத் தெய்வத்துக்கும் பட்டும் பொன்னும் படைத்தன. விமானத்தில் பறந்து வந்த நான், கப்பலில் வந்தவர்களின் அன்னையை நன்றியோடு கும்பிட்டேன்.

பக்கத்தில் தாங் சுங் லிங் மூதாதையர் மண்டபம். 1525-இல் கட்டியது. மூன்று கூடங்களும் இரண்டு முற்றங்களும். முற்றத்தில் நின்றால் மேலே ஒரு சதுரத் துண்டு வானம் தெரிகிறது. கடைசிக் கூடத்தில் முன்னோரின் பெயர்ப் பலகைகள் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் இரண்டில் மட்டும் டிராகன் தலைகள் செதுக்கியிருக்கும். ஒன்று சோங் அரச குலத்து இளவரசி ஒருத்திக்கு, மற்றது அவளை மணந்த தாங் குலத்து மகனுக்கு. வடக்கே படையெடுப்பு வந்தபோது தெற்கே ஓடிவந்த சிறுமியைத் தாங் குலத்தவர் ஒருவர் யாரென்று அறியாமலே அடைக்கலம் கொடுத்து வளர்த்தார், பிறகு தம் மகனுக்கு மணம் முடித்தார், பல ஆண்டுகளுக்குப் பின்புதான் அவள் பிறப்பை அரசவை அறிந்து சிறப்புச் செய்தது என்று குலத்தார் சொல்லி வருகிறார்கள். அகதியாக வந்த பெண்ணின் பெயர் ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளாகத் தூபம் பெறுகிறது. வீட்டில் இறந்த கன்னிக்கும் வழியில் வந்து சேர்ந்தவளுக்கும் புடவை வைத்துப் படைக்கும் நம் வழக்கம் தெரிந்தவர்களுக்கு அந்தப் பலகை முன்னால் விளக்கம் எதுவும் தேவைப்படாது. நான் பையில் வைத்திருந்த குங்குமச் சிமிழை எடுத்து, நெற்றியில் இட்டுக்கொண்டு அவளை வணங்கினேன்.

அடுத்த நிலையமான ஷியுங் ஷுய்யில் லியூ குலத்தார். இவர்களின் மூதாதையர் யுவான் ஆட்சியின் இறுதியில் ஃபூஜியனிலிருந்து வந்தவர். 1751-இல் எழுந்த லியூ மான் ஷெக் தோங் மண்டபத்தின் கூரை முகட்டுச் சிற்பங்களைப் பார்க்கவே ஒரு பொழுது போதாது. நாங்கள் போனபோது மாலை சாய்ந்துவிட்டதால் விரைவாகவே பார்த்தோம். ஆனால் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊர் அமைதிக்கும் நன்றிக்கடனுக்கும் எடுக்கும் தாய் பிங் சிங் சியூ என்ற பெருவிழாவைச் சில ஊர்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கின்றன. லியூ குலத்தார் அறுபது ஆண்டுக்கு ஒருமுறைதான் எடுக்கிறார்கள். கடைசியாக 2006-இல் நடந்தது. இத்தகைய விழா நாட்களில் ஊரே புலால் விலக்கி விரதம் காக்கும். ஊராரின் பெயர்கள் முழுவதையும் பெரிய தாளில் எழுதி ஒட்டி, தெய்வத்தின் முன் படிப்பார்கள். நாம் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வது ஒரு குடும்பத்துக்கு. அவர்கள் ஓர் ஊருக்கே செய்கிறார்கள். அடுத்த விழா 2066-இல். இப்போது பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அப்போது தாத்தாக்களாக இருந்து நடத்த வேண்டும். அந்த நம்பிக்கையோடு ஒரு குலம் வழிபாட்டைக் கையில் வைத்திருக்கிறது.

என் மனத்தில் ஓர் உறுத்தலும் இருந்தது. 1898-இல் இருந்த ஊர்களின் வழிவந்தவர்களுக்கே இங்கே பூர்வகுடி உரிமை. அவர்களின் மண்டபங்கள் பாதுகாக்கப்படுகின்றன. அதற்குப் பின் வந்து குத்தகைக்கு உழுதவர்களின் மா ஷி போ போன்ற சிற்றூர்கள், இப்போது வடக்கே விரியும் அடுத்த புதுநகரத்துக்காக அப்புறப்படுத்தப்பட்டுவிட்டன. அவர்களும் மரத்தடியில் நிலத் தெய்வத்துக்கு ஊதுவத்தி ஏற்றியவர்கள்தாம். இளவரசியைக் காத்த மண் இவர்களையும் காத்திருக்கலாம்.

வீடு திரும்பும் வழியில் ஃபான்லிங் வாய். பாங் குலத்தாரின் ஊர். முன்னால் குளம், வாயில் அருகே பழைய பீரங்கிகள், சுற்றிலும் மகனின் குடியிருப்பு போன்ற உயரக் கட்டடங்கள். ஊர் ஓரத்தில் நிலத் தெய்வத்தின் சிறு பீடம். சிவப்புத் தாள், மூன்று தேநீர்க் கிண்ணங்கள், ஓர் ஆரஞ்சுப் பழம். பிள்ளை குடியிருக்கும் ஊரின் எல்லைத் தெய்வத்தை வணங்க வேண்டும் என்று என் மாமியார் சொல்வார். மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும், மருமகள் பேத்தியின் பெயர்களையும் தமிழிலேயே வாய்விட்டுச் சொன்னேன். அவன் பெயர் பாங் குலத்தாரின் பட்டியலில் ஒருநாளும் ஏறாது. இந்தத் தெய்வத்தின் காதிலாவது ஏறட்டும்.

ஆண்டுதோறும் முதல் மாதப் பௌர்ணமியை ஒட்டிப் பாங் குலத்தார் தாய் பிங் ஹுங் சியூ என்ற வழிபாட்டை எடுக்கிறார்கள். 2025-இல் அந்தப் பௌர்ணமி பிப்ரவரி 12-இல் வந்தது. நமக்குத் தைப்பூசம் அதற்கு முந்தின நாள் வந்தது. பூசத்தன்று பழநிக்கு நடக்க முடியவில்லையே என்று ஆண்டுதோறும் தொலைபேசியில் வருந்தும் மகனிடம், காலையில் வீட்டில் வேலுக்குப் பாலூற்றிவிட்டு, மறுநாள் குடும்பத்தோடு ஃபான்லிங் வாய்க்குப் போய் நின்று கும்பிட்டு வரச் சொல்லியிருந்தேன். "பழங்கள் வாங்கிக்கொண்டு போகிறேன், அம்மா" என்றான்.