குடி மறைக்காத இடத்தில் தேடிய இருமுனை நோய்

மிகையெழுச்சியும் (அளவுமீறிய உற்சாகமும் வேகமும்) மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோயும் போதைப் பழக்கமும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவது தற்செயல் அன்று. 1990-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய மக்கள்தொகை ஆய்வொன்றில், முதல் வகை (மிகையெழுச்சி கடுமையாக இருக்கும் வகை) இருமுனை நோய் கொண்டவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது மதுவாலோ வேறு போதைப் பொருளாலோ நோயெனக் கருதத்தக்க சிக்கல் இருந்தது தெரியவந்தது. இப்படிப் பின்னிக் கிடப்பவற்றுள் ஒன்றின் மரபுவழியை மட்டும் பிரித்தறிவது எவ்வாறு?

இதற்கு ஜேனிஸ் எக்லண்ட் என்ற ஆய்வாளர் தேர்ந்த வழியை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன். 1976-இல் அவர் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில், நவீன வசதிகள் பலவற்றை விலக்கி வாழும் கிறித்தவச் சமூகமான பழைய முறை ஆமிஷ் மக்களிடையே ஆய்வைத் தொடங்கினார். 18-ஆம் நூற்றாண்டில் குடியேறிய சில குடும்பங்களின் வழிவந்த இவர்களிடம் வம்சாவளிப் பதிவுகள் துல்லியமாக இருந்தன. குடியும் போதையும் மிக அரிது. மிகையெழுச்சி வேளையில் ஒருவர் தூக்கமின்றித் திரிந்து பணத்தை வாரியிறைத்தால், அவர் குடிப்பவராகவும் இருக்கும் பட்சத்தில் சுற்றத்தார் எல்லாவற்றையும் குடியின் கணக்கில் எழுதிவிடுவார்கள். ஆமிஷ் ஊர்களில் அதற்கு இடமில்லை. அதே சமூகத்தில் 1880 முதல் 1980 வரை நிகழ்ந்த 26 தற்கொலைகளையும் எக்லண்ட் ஆராய்ந்தார். இறந்தவர்களில் 24 பேருக்குத் தீவிர மனநிலைக் கோளாறு இருந்ததும், பெரும்பாலான மரணங்கள் நான்கே வம்சங்களில் குவிந்திருந்ததும் வெளிப்பட்டன.

1987-இல் எக்லண்டும் சக ஆய்வாளர்களும் இந்த ஆமிஷ் வம்சமொன்றை ஆராய்ந்து, நோய்க்குக் காரணமான மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருப்பதாக அறிவித்தார்கள். அதுவரை நலமாயிருந்த இருவர் பின்னர் நோயுற்றதும், உறவினர் பலர் புதிதாகச் சேர்க்கப்பட்டதும், 1989-இல் அந்த முடிவைக் கவிழ்த்துவிட்டன. ஆயினும் குடியை விலக்கிப் பார்த்த அந்த அணுகுமுறையில் பழுதில்லை என்பதே என் கருத்து. ஒற்றை மரபணுவை எதிர்பார்த்ததுதான் பிழை.

இரட்டையர் ஆய்வுகள் இருமுனை நோயில் மரபின் பங்கை 60 முதல் 85 சதவீதம் வரை மதிப்பிடுகின்றன. (இது மக்கள்தொகையில் காணும் வேறுபாட்டைப் பற்றிய அளவு, தனியொருவருக்கு நோய் வரும் வாய்ப்பு அன்று.) 2021-இல் 41,917 நோயாளிகளின் மரபுத் தரவிலிருந்து, மரபணுத் தொகுதியில் 64 இடங்கள் நோயோடு தொடர்புடையவையாக இனங்காணப்பட்டன. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. நரம்பணுக்களின் கால்சியம் வாயில்களை அமைக்கும் மரபணுக்களும் அவற்றுள் அடங்கும். சிக்கலான குடிப்பழக்கத்தின் மரபுக் கூறுகளோடு இருமுனை நோயின் மரபுக் கூறுகள் ஓரளவு ஒத்துப்போகின்றன. முழுமையாக அல்ல, ஏனெனில் மதுவைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளின் மரபணுக்கள் குடிநோய்க்கே உரியவை.

என்னை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொன்று. பெருந்திரளான மக்களின் மரபு, உடல்நலத் தகவல்களைத் திரட்டி வைத்திருக்கும் பிரிட்டனின் யூகே பயோபேங்க் தரவுகளை வைத்து நடந்த ஆய்வில், எவ்வளவு குடிக்கிறார் என்பதன் மரபும், குடியால் எவ்வளவு சீரழிகிறார் என்பதன் மரபும் வேறுபட்டன; மனநோய்களோடு ஒத்துப்போனது இரண்டாவதே. ஆகையால் மருத்துவர் குடும்ப வரலாற்றைக் கேட்கும்போது, இன்னார் குடிகாரர் என்று சொல்லி நிறுத்தாமல், குடிக்காதிருந்த மாதங்களில் அவருடைய தூக்கமும் பேச்சும் செலவும் எப்படி இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.