நாளைக்கு மூன்றரை கிராம்

எங்கள் வீட்டு எடை மிஷினுக்கு ஒரு குணம் உண்டு. ஹாலில் வைத்தால் 86.2 காட்டும். சமையலறை வாசலில் 86.4. வாஷிங் மிஷினுக்குப் பக்கத்தில், தரை லேசாக உள்வாங்கியிருக்கும் அந்த ஒரே ஒரு டைல்ஸில் மட்டும் 85.7. வாங்கி வந்த இரண்டாம் நாளே இதைக் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் எத்தனை டைல்ஸ் என்பது பதித்த கொத்தனாருக்கே மறந்திருக்கும். எனக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் மிஷினை வைத்து ஏறி நின்றிருக்கிறேன்.

பொங்கல் முடிந்த வாரம்தான் இந்தக் கதை ஆரம்பித்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. எனக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு (HbA1c) 6.1 சதவீதம். டாக்டர் பேப்பரைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், மறுபடியும் பேப்பரைப் பார்த்தார்.

"சர்க்கரை இன்னும் வீட்டுக்குள்ள வரலீங்க. வாசல்ல நின்னு செருப்பக் கழட்டிட்டிருக்குது."

5.7-க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 6.5 தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் இருப்பது திண்ணை. நான் திண்ணையில் இருக்கிறேன். உயரம் 168 சென்டிமீட்டர். உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. எண் எனக்கு முப்பதரை. நம் ஊர் உடம்புக்கு 23-க்குள் இருக்க வேண்டுமாம், 25-லேயே உடல் பருமன் என்று எழுதிவிடுவார்களாம். இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்றார். நர்ஸம்மா டேப்பைச் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார். 104.

"எவ்வளவு நாள்ல கொறைக்கலாம் டாக்டர்?" என்று கேட்டேன். மனதுக்குள் வைகாசிக் கல்யாணங்களும் பழைய கோட்டும் ஓடின.

"வாரத்துக்கு அரைக் கிலோ. போகப் போக அதுவும் கொறையும். ஆறு மாசத்துல நாலரைக் கிலோ எறங்குனாக்கூடப் போதுமுங்க. உடம்பு எடையில அஞ்சு பர்சன்ட் போனாலே சர்க்கரையும் பிரஷரும் நம்ம பேச்சக் கேக்க ஆரம்பிச்சிடும்."

ஆறு மாதத்தில் நாலரைக் கிலோ! நான் இருபது கேட்கிறேன், இவர் நாலரையிலிருந்து ஏற மாட்டேன் என்கிறார். எங்கள் கோவை உக்கடம் மார்க்கெட்டில்கூட இவ்வளவு கறாரான பேரத்தை நான் பார்த்ததில்லை. போன வருஷம் என் பங்காளி ஒருவர் ஒரே மாதத்தில் ஏழு கிலோ குறைத்ததைச் சொல்லிப் பார்த்தேன். டாக்டர் அசரவில்லை. பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும், பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பும் கூடும் என்றார். பங்காளிக்குக் கல் வரவில்லை. ஆனால் ஆடி வருவதற்குள் ஏழு கிலோவும் வட்டியோடு திரும்பி வந்துவிட்டது. இதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை.

மறுநாளே ரேஸ்கோர்ஸ் போனேன். கோவையில் எடை குறைக்க முடிவெடுத்தவர்கள் விடியற்காலையில் சந்தித்துக்கொள்ளும் இடம் அது. ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். இரண்டு சுற்று நடந்தேன். அப்புறம் எல்லோரும் போகிறார்களே என்று பேக்கரிக்குப் போனேன். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்: எங்கள் ஊரில் டீக்கடைக்கே பேக்கரி என்றுதான் பெயர். டீ குடிக்கப் போகிறவன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தேங்காய் பன்னையும் முட்டை பப்ஸையும் கடந்துதான் டீயிடம் போக வேண்டும். என் எடைக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தால் சுமார் 300 கலோரி செலவாகும். ஒரு பப்ஸும் சர்க்கரை போட்ட டீயும் அதை உட்கார்ந்த இடத்திலேயே வரவு வைத்துவிடும். பத்து நாள் அப்படித்தான் கணக்கு நேர் செய்தேன்.

மகள்தான் பிடித்தாள். சட்டைப் பையில் பப்ஸ் தூள். அதன் பிறகு என் வாழ்க்கையில் இரவு இரண்டு சப்பாத்தி, மதியம் கரண்டி எண்ணிச் சோறு, சர்க்கரை இல்லாத டீ. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று மாமியார் ஒரு படி கொள்ளு கொடுத்தனுப்பினார். மாப்பிள்ளையை இவ்வளவு மரியாதையாக யாரும் குண்டன் என்று சொல்லியிருக்க முடியாது. கொள்ளு ரசம், கொள்ளுப் பருப்பு, முளைகட்டிய கொள்ளு. நல்ல பொருள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கொங்குநாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கொள்ளுப் பருப்பைக் கடைந்து, நெய்யை ஊற்றி, ஒரு வட்டில் சோற்றில் பிசைந்து சாப்பிட்டு வருகிறோம். கொள்ளுக்கு மட்டும் அந்தச் சக்தி இருந்திருந்தால் ரேஸ்கோர்ஸில் காலை ஐந்து மணிக்கு ஏன் இவ்வளவு கூட்டம்?

பப்ஸை நிறுத்திய முதல் வாரம் 1.9 கிலோ இறங்கியது. டைல்ஸ் மாற்றாமல், ஹாலிலேயே. உடனே காகிதத்தில் கணக்குப் போட்டேன். வாரம் 1.9 என்றால் மாதம் எட்டுக்கு மேல். சித்திரைக்குள் கல்யாண எடை, ஆவணிக்குள் பள்ளிக்கூட எடை. இதே வேகத்தில் போனால் அடுத்த பொங்கலுக்கு நானே இருக்க மாட்டேன்.

பிறகு கோபியில் ஒரு கல்யாணம். தை மாதக் கடைசி முகூர்த்தம், சொந்தக்காரர், தவிர்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பந்தி, மதியப் பந்தி. திங்கள் காலை மிஷினில் ஏறினால் 2 கிலோ கூடியிருக்கிறது.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். வாட்சைக் கழற்றினேன். மூச்சை வெளியே விட்டுவிட்டு ஏறினேன். வாஷிங் மிஷின் பக்கம் போனேன். அன்றைக்கு அந்த டைல்ஸும் கைவிட்டுவிட்டது.

"ஏனுங்க, அந்த மீசையையும் எடுத்துட்டு ஒருக்கா ஏறிப் பாருங்க" என்றாள் மனைவி, சாம்பாரைக் கிளறிக்கொண்டே.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். மகள் பத்தாவது. பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை, பாடப் புத்தகத்தைத் தவிர எதுவாக இருந்தாலும் ஆர்வமாக உட்காருவாள். நோட்டை எடுத்தாள்.

"ஒரு கிலோ கொழுப்புன்னா சுமாரா 7,700 கலோரிப்பா. ரெண்டு கிலோ ஏறணும்னா வழக்கமா சாப்பிடறதுக்கு மேல 15,400 வேணும். ஒரு மெதுவடை நூறு கலோரின்னே வெச்சுக்கலாம். நீங்க 154 வடை சாப்பிட்டிருக்கணும். எத்தனை சாப்பிட்டீங்க?"

"மூணு."

சமையலறையிலிருந்து இருமல் சத்தம் கேட்டது.

"நாலு."

மீதி 150 வடை எங்கே போயிற்று என்றால், அது தண்ணீர். பந்தியில் உப்பும் அதிகம், சோறும் இனிப்பும் அதிகம். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. மாவுச்சத்தைக் கல்லீரலும் தசையும் சேமிக்கும்போது ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் கூட்டிக்கொண்டுதான் சேமிக்கின்றன. வயிற்றில் இன்னும் ஜீரணமாகாமல் கிடக்கிற பந்தி வேறு. ஆக மிஷின் சொன்னது பொய்யில்லை, ஆனால் அது கொழுப்பைப் பற்றிப் பேசவில்லை. சந்தோஷப்பட்டேன். உடனே அடுத்த விஷயமும் உறைத்தது. அப்படியானால் முதல் வாரம் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேனே, அந்த 1.9 கிலோ? அதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். வியாழக்கிழமை 2 கிலோவும் தானாகவே கிளம்பிப் போய்விட்டது, வந்த சுவடு தெரியாமல்.

மகள் நோட்டை மூடவில்லை. "கல்யாணத்தப்ப எவ்வளவு இருந்தீங்க?"

2008. கல்யாண ஆல்பத்தில் கழுத்து என்று ஒரு உறுப்பு எனக்கு இருக்கிறது. அப்போது 64 கிலோ. பதினேழு வருஷத்தில் ஏறியது 22 கிலோ. அவள் 22,000 கிராமைப் பதினேழு வருஷத்து நாட்களால் வகுத்தாள்.

"நாளைக்கு மூணரை கிராம்பா."

"என்னது?"

"நீங்க குண்டான வேகம். ஒரு ஸ்பூன் சர்க்கரைகூட நாலு கிராம் இருக்கும்."

ஒரு ஸ்பூன் சர்க்கரை அளவுகூட இல்லை. இது வரும்போது யாருக்குத் தெரியும்? எந்த நாளிலும் நான் குண்டாகவில்லை. நேற்று இருந்த மாதிரியேதான் இன்றைக்கும் இருந்தேன், ஆறாயிரம் நாளாக.

"வாரத்துக்கு அரைக் கிலோ எறங்குனா நாளைக்கு எழுபத்தோரு கிராம். வந்ததைவிட இருபது மடங்கு வேகமாப் போகுது. இது பத்தலையா உங்களுக்கு?"

பதில் இல்லை. பிள்ளைக்குக் கணக்கில் எத்தனை மார்க் வரும் என்ற கவலை மட்டும் அன்றோடு போயிற்று.

புத்தி வந்தது என்று சொல்ல மாட்டேன், பாதி வந்தது. ஒரு நாளைக்கு ஆறு தடவை மிஷினில் ஏறியவன் ஒரு தடவை ஆக்கினேன்: காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு, வெறும் வயிற்றில், ஹாலில். ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்துக் காலண்டரில் எழுதினேன். போன வாரச் சராசரியோடு இந்த வாரச் சராசரியை மட்டும்தான் ஒப்பிட வேண்டும், நாளோடு நாளை ஒப்பிடக் கூடாது என்பது மகளின் உத்தரவு. இத்தாலியில் நானூறு வருஷத்துக்கு முன்னால் சான்டோரியோ என்று ஒரு மருத்துவர் இருந்தார். தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து சாப்பிட்டு, தன்னையும் சாப்பாட்டையும் வெளியே போனதையும் ஏறக்குறைய முப்பது வருஷம் எடை போட்டார். வெளியே போனதை எடை போடும் யோசனையை வீட்டில் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதற்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

மாசியில் அம்மா வந்தார். அதுவரை மொத்தம் இறங்கியது இரண்டரைக் கிலோ. அலுவலகத்தில் ஒருவர் கண்ணுக்கும் படவில்லை. அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஏஞ்சாமி, இப்படித் துரும்பா எளச்சுப் போயிட்டே? ஒடம்புக்கு என்ன கண்ணு? எங்கிட்ட மறைக்காம சொல்லோணும்."

104 சென்டிமீட்டரில் இரண்டு குறைந்திருக்கிறது. அம்மாவின் கண்ணுக்கு அது துரும்பு. மனைவியைப் பார்த்த பார்வையில் ஒரு முழு வழக்கு இருந்தது. அன்று மாலையே சந்தவை (எங்கள் ஊர் இடியாப்பம்) பிழிந்தார், மறுநாள் ஒப்புட்டு (போளி). "ஒண்ணே ஒண்ணு" என்று வைக்கப்பட்ட ஒப்புட்டுக்கு மேல் நெய் ஊற்றும்போது அந்தக் கை மட்டும் எண்ணாது. ஒரு வாரம் இருந்துவிட்டு, மகன் தேறிவிட்டான் என்ற திருப்தியோடு ஊருக்குப் போனார். காலண்டரும் அதை உறுதி செய்தது.

பங்குனியில் இன்னொரு கொடுமை. இரண்டு வாரம் மிஷின் அசையவே இல்லை. தின்றது சரி, நடந்தது சரி, எண் மட்டும் குத்துக்கல் மாதிரி நின்றது. டாக்டரிடம் புகார் சொன்னேன். எடை குறைந்த உடம்புக்குத் தீனித் தேவையும் குறையும், அதனால் வேகமும் குறையத்தான் செய்யும், இதற்காகச் சாப்பாட்டைப் பாதியாக்கிவிடாதீர்கள் என்றார். நடையோடு வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி சேர்க்கச் சொன்னார். இரண்டு ஐந்து கிலோ டம்பிள்ஸ் வாங்கினேன். முதல் நாள் தூக்கியபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. அதில் ஒன்றைவிடக் குறைவாகத்தான் நான் இதுவரை இறக்கியிருக்கிறேன், ஆனால் அந்த ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கடையில் அதை ஐந்து கிலோ என்று சாதாரணமாகச் சொல்லி விற்கிறார்கள்.

இன்றைய நிலவரம்: நாலு மாதத்தில் 86.2-லிருந்து 80.9. சராசரி எடுத்தால் வாரத்துக்கு 300 கிராம் சொச்சம். டாக்டர் சொன்ன அரைக் கிலோகூட இல்லை. மூன்று மாத சர்க்கரை 5.8. திண்ணையை விட்டு இன்னும் இறங்கவில்லை, ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறது.

கல்யாண மோதிரம் ஒன்று என் விரலில் இருக்கிறது. அரைப் பவுன். கடைசியாக அதைக் கழற்றியது எப்போது என்று நினைவில்லை. நகை அடகு வைக்க நேர்ந்த ஒரு சமயத்தில் சோப்பு, எண்ணெய் எல்லாம் போட்டும் வராமல், என்னைச் சேர்த்து அடகு வைத்தால் உண்டு என்று விட்டுவிட்டார்கள். போன வாரம் கை கழுவும்போது தற்செயலாகத் தொட்டேன். சுற்றியது. கழலவில்லை, முட்டியைத் தாண்டவில்லை. ஆனால் இருந்த இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றியது.

ஓடிப் போய் மனைவியிடம் காட்டினேன். எடை மிஷின் எத்தனையோ எண்ணைக் காட்டியும் திரும்பிப் பார்க்காதவள், அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். விரலைப் பிடித்து மோதிரத்தை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தாள். முகத்தில் கவலை.

"ரேஸ்கோர்ஸுல கைய வீசி வீசி நடக்காதீங்க. விக்கிற வெலையில எங்கயாச்சும் உழுந்து தொலைஞ்சுதுன்னா?"

மோதிரம் தளர்ந்தால் உள்பக்கம் நூல் சுற்றிப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்கே ஒரு மஞ்சள் நூல்கண்டை எடுத்துப் பூஜை அலமாரியில் வைத்தாள். தினமும் காலையில் மிஷினிலிருந்து இறங்கியதும் மோதிரத்தை இழுத்துப் பார்க்கிறேன். நூல்கண்டு இன்னும் பிரிக்கப்படாமல் அங்கேயேதான் இருக்கிறது.