பெருமாளாகிப்போன பேன்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை பின்னேரம், ஹரோவில் விடாத தூறல். மகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூட வாசலில் நின்றபோது, வகுப்பில் உதவிக்கு இருக்கும் பெண் என்னைக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, மகளின் தலையில் பேன் கண்டதாகச் சொன்னார். சரி, பிள்ளைகள் என்றால் பேன் வரும். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. இவ்வளவு எண்ணெய் வைக்காமல் விட்டால் நல்லது, முடியையும் தோளளவுக்கு வெட்டிவிட்டால் எல்லாருக்கும் சுகம் என்றார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

வீட்டுக்கு நடக்கும்போது மகள் கேட்டாள்: "அம்மா, நான் ஊத்தைப் பிள்ளையா?"

ஏழு வயது. வீட்டில் யாரும் அவளை அப்படிச் சொன்னதில்லை. எனக்குக் காலடி வழுக்கியது போல இருந்தது.

லண்டன் வந்து பதினொரு வருடமாகிறது. எந்தக் கிழமை எந்தக் குப்பைத்தொட்டியை வெளியே வைப்பது, எந்தக் கடையில் முருங்கைக்காய் முற்றாமல் கிடைக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மாசி மாதக் குளிருக்குக்கூட உடம்பு பழகிவிட்டது. ஊரை நினைத்து அழுகிற காலம் முடிந்துவிட்டது என்றே இருந்தேன். அந்த ஒரு கேள்வி என்னை யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வீட்டு விறாந்தையில் கொண்டுபோய் இருத்திவிட்டது.

அங்கே பேன் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைப் பின்னேர வேலை. அம்மம்மா குந்தில் இருப்பார். அவருக்குக் கீழே சித்தி, சித்திக்குக் கீழே மச்சாள், கடைசிப் படியில் நான். ஒருவர் தலையை மற்றவர் பார்க்க, ஊர்க்கதை முழுவதும் அந்த வரிசையில் மேலிருந்து கீழே இறங்கும். யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள், யாருடைய மாடு யாருடைய தோட்டத்துக்குள் போனது, எல்லாம் எனக்குத் தெரிய வந்தது பேன்சீப்பின் கீழேதான். பெரிய பேன் ஒன்று அகப்பட்டால் சித்தி அதை எல்லாருக்கும் காட்டாமல் குத்த மாட்டார். "இது உன்ர தலையில பிறந்ததில்லை, மச்சாளின்ரதான்" என்று அம்மம்மா தீர்ப்புச் சொல்வார். மச்சாள் சண்டைக்கு வருவாள். அடுத்த நாள் செவ்வரத்தம் இலை கசக்கி, சீயாக்காயும் தேசிக்காயும் அவித்துத் தோயவார்ப்பார்கள். அந்த வரிசையில் இருந்த ஒருத்தியும் தன்னை ஊத்தை என்று நினைத்ததில்லை.

முடியை வெட்டு என்ற பேச்சு எனக்கு ஏன் அவ்வளவு சுட்டது என்று யோசித்தேன். அது 1995-இல் இருந்து வருகிறது. ஐப்பசி 30 இரவு, போருக்குப் பயந்து எங்கள் பகுதியான வலிகாமமே எழும்பி நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. நாவற்குழிப் பாலம் தாண்டிக் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஐந்து குடும்பங்கள் இருந்தோம். இரவில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பாயில், தலையோடு தலை முட்டத்தான் படுத்தோம். இரண்டு கிழமைக்குள் எல்லாத் தலையிலும் பேன். சவர்க்காரம் தட்டுப்பாடு, கிணற்றடியில் நீண்ட வரிசை. பல தாய்மார் பிள்ளைகளுக்கு மொட்டை அடித்துவிட்டார்கள். பிழை சொல்ல முடியாது, வேறு வழி இல்லை. மண்ணெண்ணெய் பூசலாம் என்று யாரோ சொன்னபோது அம்மா மறுத்துவிட்டார். இருந்த துளி எண்ணெய் ஜாம் போத்தல் விளக்குக்கே காணாது. அதோடு, நெருப்புப் பிடிக்கிற சாமானைப் பிள்ளையின் தலையில் பூசுவதா என்று பயந்தார்.

அம்மா என் முடியை வெட்டவில்லை. இருட்டுவதற்கு முன் யன்னலடியில் இருத்தி, ஒவ்வொரு நாளும் சீப்பால் இழுத்தார். "வீடு போச்சுது, இதாவது இருக்கட்டும்" என்று ஒரு தடவை சொன்னார். சித்திரையில் திரும்பி வீட்டுக்கு வந்தபோது என் இரட்டைப்பின்னல் அப்படியே இருந்தது. அம்மாவின் முடிதான் கழுத்தளவில் நின்றது. அவருடைய தலையைப் பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

இதை அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது? அடுத்த நாள் வகுப்பு ரீச்சரிடம் போய்ச் சொல்லக்கூடியதைச் சொன்னேன். பேன் எள்ளளவு, 2 அல்லது 3 மில்லிமீற்றர்தான். இறக்கை இல்லை, பாயவும் தெரியாது. தலைகள் முட்டும்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு ஊர்ந்து போகும். தோய்ந்த தலை, தோயாத தலை, நீளமுடி, கட்டைமுடி எல்லாம் அதற்கு ஒன்றுதான். எண்ணெய் வைத்ததால் ஒருவருக்கும் பேன் வருவதில்லை. ரீச்சர் பொறுமையாகக் கேட்டார். பிள்ளையை வீட்டில் மறிக்கத் தேவையில்லை என்று அரசாங்க மருத்துவ சேவையே சொல்கிறது என்றார். வகுப்பில் எல்லாருக்கும் பெயர் குறிப்பிடாமல் ஒரு கடிதமும் போனது. அந்தப் பெண் பிறகு என்னோடு அது பற்றிக் கதைக்கவில்லை. எனக்கு இன்னமும் ஆறவில்லை.

ஊருக்கு அழைத்தால் அம்மா, "ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்காதை" என்றார். பிறகு வைத்தியம் சொன்னார்: அன்னமுன்னா, அதுதான் சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசு. அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த விதை கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். மச்சாள் ஒரு முறை கண் சிவந்து, ஒரு கிழமை வெளிச்சம் பார்க்க முடியாமல் கிடந்ததை அம்மாவே மறந்துவிட்டார்.

இங்கே பார்மசியில் டைமெதிகோன் என்ற ஒரு திரவத்தைக் காட்டினார்கள். பேனை மூடிப் படிந்து கொல்லுமாம். வீட்டில் சீப்பு இருந்தால் அதுவே போதும், பொறுமைதான் வேண்டும் என்றும் சொன்னார்கள். தோய்ந்த தலையில் கண்டிஷனர் நிறையப் பூசி, ஈரத்தோடு அடிமுடியிலிருந்து நுனிவரை பேன்சீப்பால் இழுக்க வேண்டும். முதலாம் நாள், 5ஆம், 9ஆம், 13ஆம் நாள். 17ஆம் நாள் ஒன்றும் இல்லை என்று சரிபார்ப்பது. ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் எடுக்கும் என்பதால், பொரித்த குஞ்சுகள் வளர்ந்து முட்டையிட முன் பிடித்துவிடுகிற கணக்கு அது. அம்மா யன்னலடியில் செய்ததும் இதைத்தான், கண்டிஷனருக்குப் பதில் நல்லெண்ணெய்.

வீட்டில் எல்லாருடைய தலையையும் பார்க்கச் சொன்னார்கள். இவருடைய தலையில் பேன் ஒளிக்க இடம் இல்லை. ஆனாலும் மகள் விடவில்லை. தகப்பனைக் கீழே இருத்தி, தான் சோபாவில் ஏறி நின்று, இருக்கிற நாலு முடியையும் சீப்பால் இழுத்து, "ஒண்டும் இல்லை, அடுத்த ஆள் வாங்கோ" என்றாள்.

13ஆம் நாள் இரவு, பாதி இழுக்கும்போதே மகள் என் மடியில் நித்திரையாகிவிட்டாள். ஈரத்தலை, பாவாடை எல்லாம் நனைந்துவிட்டது. எழுப்ப மனம் வரவில்லை. அப்படியே அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். அம்மா கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்து வீட்டுச் சின்னன் வந்து என்னோட படுக்கிறவள். எனக்கும் தலை கடிக்குது பிள்ளை" என்றார். "பார்க்கத்தான் ஆள் இல்லை."

அம்மம்மா இல்லை. சித்தி பாரிஸில், மச்சாள் ரொறன்ரோவில்.

அடுத்த நாள் பார்மசியில் அதே இரும்புச் சீப்பில் இன்னொன்று வாங்கினேன். ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்குப் போக டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.