ஆப்தல் (கண் மருத்துவம்) சப்ளி, அதான் ஃபெயிலானவங்க திரும்ப எழுதற எக்ஸாம், கிளியர் ஆச்சு, அனிமேஷன் பாத்து படிக்கறவங்க இத ஒருதடவ பாத்துடுங்க

நேத்து சாயங்காலம் ரிசல்ட். ஆப்தல் பாஸ். அம்மாகிட்ட சொல்லிட்டு அப்படியே தூங்கிட்டேன்.

போன தடவ ஃபெயிலானது படிக்காம இல்ல. மஞ்சக்குப்பத்துலேர்ந்து பாண்டிக்கு தினமும் பஸ்ல போயிட்டு வர்ற ஆளு நான், ரெட்டிச்சாவடி தாண்டறதுக்குள்ள ஒன்னு, அரியாங்குப்பம் பாலத்துக்குள்ள இன்னொன்னுன்னு கண்ணு அனிமேஷன் அத்தனையும் பாத்தேன், அதுவும் ரெண்டு மடங்கு ஸ்பீடுல. கலர் கலரா தசை சுருங்கும், கண்ணு உருளும், எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்கும்.

வைவால (வாய்மொழித் தேர்வு) வெளியிலேர்ந்து வந்த எக்ஸாமினர் கேட்டாரு, "இடது கண்ணுல சுப்பீரியர் ஆப்ளிக் தசை வேலை செய்யல, பேஷன்ட் தலைய எந்தப் பக்கம் சாய்ப்பாரு?" பட்டுனு இடதுன்னேன். நான் பாத்த எல்லா அனிமேஷன்லயும் இருந்தது வலது கண்ணு! வலதுன்னா இடப்பக்கம் சாய்ப்பாங்க, அந்த 'இடது' மட்டும் மண்டைல ஒட்டிக்கிச்சு. அடுத்து ஏன்னு கேட்டாரு, அதோட முடிஞ்சுது. அந்த தசை கண்ணோட மேல்பக்கத்த மூக்குப் பக்கமா சுழட்டும், பாதிச்ச பக்கமே தலைய சாய்ச்சா அந்த சுழற்சி தேவைப்படும், அதான் எதிர்ப்பக்கம் சாய்ச்சு தப்பிக்கறாங்க. இவ்ளோதான், அப்ப வாயே வரல.

அதனால கத்தி சொல்றேன், திரைல இருக்கறது எந்தக் கண்ணுன்னு மொதல்ல பாருங்க, முடிஞ்சதும் இன்னொரு கண்ணுக்கு நீங்களே வரைங்க.

இந்த தடவ தம்பியோட பிளாஸ்டிக் பந்துல அந்த தசைக்கு பதிலா நூல் ஒட்டி, சேஃப்டி பின் வளையத்துக்குள்ள விட்டு இழுத்தேன், பின்னுதான் ட்ராக்லியா, அந்த தசை வளைஞ்சு போற கப்பி மாதிரி. நூல் ஒட்டினது பந்தோட பின்பாதில, இழுத்தா பின்பக்கம் மேல வருது, மார்க்கர்ல வரைஞ்ச கருவிழி கீழ எறங்குது. மேல இருக்கற தசை ஏன்டா கீழ எறக்குதுன்னு ஃபர்ஸ்ட் இயர்லேர்ந்து இருந்த சந்தேகம் அங்க தீந்துச்சு. மூக்குப் பக்கம் 51 டிகிரி திருப்பி இழுத்தா எறக்கம் மட்டும்தான், வெளிப்பக்கம் திருப்பினா பெரும்பாலும் சுழற்சி. அனிமேஷன்லயும் இதேதான் காட்டுனாங்க, கை பட்டப்புறம்தான் ஏறுச்சு.

மத்ததுக்கு என் கணக்கு:

- ஆங்கிள் க்ளோஷர் (கண்ணுக்குள்ள பிரஷர் ஏத்தற ஒரு வகை க்ளாக்கோமா): கண்டிப்பா அனிமேஷன். அக்வஸ், அதாவது கண்ணுக்குள்ள சுரக்கற நீர், பியூப்பில் ஓட்டை வழியா முன்னாடி வரணும், லென்ஸ் அங்க அடைச்சா பின்னாடி தேங்கி ஐரிஸ் (பியூப்பில சுத்தி இருக்கற கலர் திரை) உப்பி, வடியற எடத்தையும் மூடிடுது. ஐரிஸ்ல லேசர் ஓட்டை எதுக்குன்னு மனப்பாடமே வேணாம்.
- விஷுவல் பாத்வே (கண்ணுலேர்ந்து மூளைக்குப் போற நரம்புப் பாதை): நரம்புல வெட்டு காட்டுனதும் நிறுத்துங்க, எந்தப் பக்கம் பார்வை போகும்னு ஃபீல்ட நீங்க வரைஞ்சிட்டு அப்பறம் ப்ளே.
- ஆர்ஏபிடி (டார்ச் அடிச்சா ஒரு கண்ணு மத்த கண்ணு அளவுக்கு ரியாக்ட் பண்ணாதது): வீடியோ வேஸ்ட். வார்டுல டார்ச் புடிங்க.
- ட்ரக்கோமா (ஒரு கண் தொற்று), விட்டமின் ஏ குறைபாடு: புக்குதான்.
- சவுண்ட ஆஃப் பண்ணிட்டு வாய்விட்டு சொல்லுங்க. பக்கத்து சீட்டு அக்கா ஒருமாதிரி பாப்பாங்க, பரவால்ல.

ஈஎன்டிக்கும் இப்படி ஏதாவது சொல்லுன்னு கேக்காதீங்க. அதுல நான் எப்படி பாஸானேன்னு எனக்கே தெரியல.